மூடிய குப்பைமேட்டில் மீத்தேன் பிடித்து கார்பன் கிரெடிட் பெறுவது எப்படி? வேலூர்ப் பக்கத்துப் புதியவர்களுக்கு

பழைய வடஆற்காட்டில் பல ஊர்களின் எல்லையில் ஒரு குப்பைமேடு இருக்கும். வாசல் பலகையில் உரக்கிடங்கு என்று எழுதியிருக்கும். இடம் பெரும்பாலும் ஏரிப் புறம்போக்கு, இல்லையென்றால் ஆற்றங்கரை. கொட்டுவதை நிறுத்தி, மேலே பத்து லோடு மண்ணைத் தள்ளி, கேட்டைப் பூட்டிவிட்டால் மேடு மூடியாயிற்று என்று ஊர் நினைத்துக்கொள்ளும். உள்ளே அது இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

காற்றுப் படாத ஆழத்தில் சோறு, காய்கறி, வாழையிலை, காகிதம் எல்லாவற்றையும் நுண்ணுயிர்கள் மட்க வைக்கின்றன. அப்போது கிளம்பும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு, நிறைய ஈரம். ஒரு டன் மீத்தேன் வானத்துக்குப் போனால், நூறாண்டுக் கணக்கில் அது 28 டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஐந்தாம் அறிக்கை சொல்கிறது. அதே ஒரு டன்னைப் பிடித்து எரித்தால் 2.75 டன் கரியமில வாயுதான் வரும். அதுவும் செடிகொடிகள் காற்றிலிருந்து எடுத்த கரி என்பதால் கணக்கில் சேராது. இப்படித் தடுத்தது ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமமானால் ஒரு கிரெடிட், அதாவது விற்கக்கூடிய ஒரு சான்று. இது புதிய யோசனை இல்லை. கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் கிரெடிட் வழங்கும் சிடிஎம் ஏற்பாட்டில் உலகிலேயே முதலாவதாக 2004 நவம்பரில் பதிவானது பிரேசிலின் நோவா கெரார் குப்பைமேட்டு வாயுத் திட்டம்தான். நம் நாட்டில் மும்பை கோராய் குப்பைமேட்டை மூடி, கிணறு போட்டு, இதே வழியில் போனார்கள்.

"எங்க ஊர் மேட்டுலயும் காசு வருமா?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. காகிதத்தை எடுக்கும் முன் கம்பியை எடுங்கள். முதலில் வாயு இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இந்த வரிசையை நான் ஒருமுறை மாற்றிப் போட்டுப் பட்டிருக்கிறேன். பாலாற்றுப் பக்கம் ஒரு மேடு. வெளியூர் ஆலோசனை நிறுவனம் ஒன்று, ஆண்டுக்குப் பத்தாயிரம் கிரெடிட் என்று அழகான அறிக்கை கொடுத்தது. அதை நம்பி எட்டு மாதம் அலுவலகம் அலுவலகமாக ஓடினோம். கடைசியில் குழி தோண்டியபோது நாலடிக்குக் கீழே செங்கல், சிமென்ட் கட்டி, சாம்பல். கொட்டிய காலத்திலேயே அடிக்கடி தீ வைத்து எரித்திருக்கிறார்கள். மட்க வேண்டியது எல்லாம் எரிந்து போன மேட்டில் மீத்தேன் எங்கிருந்து வரும்?

மேட்டின் ஜாதகம்

எப்போது கொட்ட ஆரம்பித்தார்கள், எப்போது நிறுத்தினார்கள், ஒரு நாளைக்கு எத்தனை லோடு, என்னென்ன குப்பை, எவ்வளவு ஆழம், எத்தனை முறை தீப்பிடித்தது. இவ்வளவும் தெரிய வேண்டும். நகராட்சியில் டிராக்டர் டிரிப் பதிவேடு இருந்தால் கேளுங்கள். அதைவிட முக்கியம், அந்த டிராக்டரை ஓட்டியவரையும் பழைய தூய்மைப் பணியாளர்களையும் தேடிப் பிடிப்பது. கல்யாண மண்டபக் குப்பை எந்தப் பக்கம் போனது, கட்டட இடிபாடு எந்தப் பக்கம் போனது என்று அவர்கள் கையைக் காட்டிச் சொல்வார்கள். ஒரு மேட்டின் காவல்காரர் என்னிடம், "மழை பேஞ்சா அந்த மூலைல கொப்புளம் கொப்புளமா வரும் சார், சோத்துப் பானை கொதிக்கிற மாதிரி" என்றார். நாங்கள் அளந்ததில் அதிக மீத்தேன் கிடைத்தது அந்த மூலையில்தான்.

ஆணையரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த மேட்டுக்கு பயோமைனிங் திட்டம் இருக்கிறதா என்பது. 2021-ல் தொடங்கிய தூய்மை இந்தியா இரண்டாம் கட்டத்தில், நகரங்களின் பழைய குப்பைமேடுகளை எல்லாம் தோண்டிச் சலித்து நிலத்தை மீட்பதுதான் இலக்கு. இன்னும் ஒன்றிரண்டு ஆண்டில் பொக்லைன் வந்து மேட்டையே கலைத்துவிடும் என்றால் அங்கே கிணறு போடுவது வீண். அந்த ஊரை விட்டுவிடுங்கள்.

எல்லா மேடும் குப்பைமேடு இல்லை என்பதும் நம் பக்கத்தில் முக்கியம். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கசடு மேடு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதில் மீத்தேன் வராது. அது குரோமிய நஞ்சு, கிட்டேயே போகக் கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் மாதிரி தோல் தொழில் நடக்கிற ஊர்களில் தோல் கழிவு நகராட்சிக் குப்பையோடு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. சவ்வு, கொழுப்பு எல்லாம் மட்கும்தான். ஆனால் சல்பைடும் சேர்ந்து வரும். அந்த மாதிரி மேட்டில் ஹைட்ரஜன் சல்பைடு அலாரம் சட்டையில் மாட்டாமல் ஏறவே ஏறாதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரிந்துவிடும் என்று நம்பக் கூடாது. 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய், நாற்றம் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். ஆபத்தான நேரம் அதுதான்.

கம்பி போட்டுப் பார்ப்பது

தேவையானவை ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான இரும்புக் கம்பி, சம்மட்டி, ஒரு ரப்பர் குழாய், ஒரு பிடி ஈரக் களிமண், மீத்தேன், கரியமில வாயு, ஆக்சிஜன் மூன்றையும் சதவீதத்தில் காட்டும் கையடக்கக் கருவி. கருவியை வாடகைக்கு எடுக்கலாம், அல்லது சுற்றுச்சூழல் பொறியியல் துறை உள்ள கல்லூரியில் கேட்டுப் பார்க்கலாம். மேட்டின் மேல் 25 மீட்டருக்கு ஒன்று என்று கட்டம் போட்டுக் குச்சி நடுங்கள். ஒவ்வொரு குச்சியிலும் கம்பியை அடித்து இறக்கி, உருவி, உடனே குழாயை விட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். அலைபேசி, பீடி, சிகரெட் எல்லாம் கேட்டுக்கு வெளியே. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருக்கும்போது ஒரு பொறி போதும்.

நல்ல இடத்தில் கம்பியை உருவியதும் துளையிலிருந்து மெல்லிசாக ஒரு சீறல் கேட்கும். மார்கழிக் காலையில் உள்ளங்கையை மேலே காட்டினால் வெதுவெதுப்பாக மூச்சு விடுகிற மாதிரி படும். கருவியின் எண்கள் ஒரு நிமிடம் ஆடி, அப்புறம் நிற்கும். மீத்தேன் 51, கரியமில வாயு 38, ஆக்சிஜன் 0.4 என்று நின்றால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. மீத்தேன் 6, ஆக்சிஜன் 11 என்றால் காற்று உள்ளே புகுந்துவிட்டது, அல்லது கீழே ஒன்றும் இல்லை. மீத்தேன் குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருந்து, துளையும் சுடச்சுட இருந்தால் ஜாக்கிரதை. அடியில் கனன்றுகொண்டிருக்கலாம்.

இங்கே ஒரு சின்ன விஷயம் பலருக்குத் தெரியாது. நம் பக்கம் தினமும் காலை 10 மணி வாக்கில் காற்றழுத்தம் ஏறும், மாலை 4 மணி வாக்கில் இறங்கும். அழுத்தம் இறங்கும்போது மேடு வாயுவை வெளியே தள்ளும். அதே துளை காலையில் குறைவாகவும் மாலையில் அதிகமாகவும் காட்டும். மாலையில் மட்டும் அளந்துவிட்டு ஆகா என்று கிளம்பாதீர்கள். இரண்டு வேளையும் அளங்கள். அக்னி நட்சத்திரத்தில் ஒரு முறை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு முறை அளங்கள். நேரம், வெயில், மண்ணின் ஈரம் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும்.

இதில் பாதிக்கு மேற்பட்ட குச்சிகள் நல்ல எண் கொடுத்தால் அடுத்தது இழுத்துப் பார்க்கும் சோதனை. இரண்டு மூன்று சோதனைக் கிணறு, வாயுவை உறிஞ்சும் ஒரு சின்ன புளோயர், சில வாரம். இழுக்க இழுக்க மீத்தேன் சதவீதம் குறையாமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. முதல் நாள் 50 காட்டி பத்தாம் நாள் 20-க்கு வந்தால், தேங்கியிருந்ததை மட்டும்தான் உறிஞ்சியிருக்கிறீர்கள்.

கணக்கு

உதாரணத்துக்கு ஐந்து ஏக்கர் மேடு, சராசரி இருபதடி உயரம். கன அளவு சுமார் 1,20,000 கன மீட்டர். கணக்கு எளிதாக இருக்க, கொட்டிய குப்பை 1 லட்சம் டன், அதில் பாதி உணவுக் கழிவு என்று வைப்போம். ஐபிசிசி முறைப்படி உணவுக் கழிவில் மட்கக்கூடிய கரி 15 சதவீதம். அதில் பாதிதான் உண்மையில் மட்கும். மட்கியதில் பாதி மீத்தேன் ஆகும். கரியை மீத்தேனாக மாற்ற 16-ஐ 12-ஆல் வகுத்துப் பெருக்க வேண்டும். ஐந்து மீட்டருக்கு மேல் ஆழமுள்ள, ஒழுங்கில்லாமல் கொட்டிய மேட்டுக்கு 0.8 என்ற குறைப்பு. எல்லாம் பெருக்கினால் ஒரு டன் உணவுக் கழிவுக்கு அதன் ஆயுள் முழுவதும் சுமார் 40 கிலோ மீத்தேன். நம் மேட்டுக்கு மொத்தம் 2,000 டன். ஐந்து மீட்டருக்குக் குறைவான ஆழம் என்றால் 0.8 போய் 0.4 வந்துவிடும், அதாவது பாதி. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இங்கே வார்த்தைக்கு வார்த்தை பொருந்துகிறது.

அப்புறம் வயசு. மட்கும் வேகத்துக்கு ஐபிசிசி ஒரு கோடு போட்டிருக்கிறது. வெப்பமண்டலத்தில் ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் உணவுக் கழிவின் வேகம் 0.4. அதற்குக் கீழே என்றால் 0.085. முதல் வகையில் மீத்தேன் 1.7 ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகும். இரண்டாவதில் எட்டு ஆண்டுக்கு ஒரு முறை. வேலூரின் மழை இந்தக் கோட்டை ஒட்டியே நிற்கிறது. ஆகவே எந்த மழைமானி நிலையத்தின், எத்தனை ஆண்டுச் சராசரியை எடுக்கிறீர்கள் என்பதே கணக்கைத் தலைகீழாக்கும். அறிக்கை எழுதுகிறவர் எந்த எண்ணைப் போட்டார், ஏன் போட்டார் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

குப்பையின் சராசரி வயது ஆறு ஆண்டு என்று வைத்துக்கொண்டால், வேகமான கணக்கில் அந்த ஆண்டில் கிளம்புவது சுமார் 60 டன் மீத்தேன். மெதுவான கணக்கில் சுமார் 98 டன். மண் மூடிய மேட்டில் பாதியைப் பிடித்தாலே நல்ல வேலை. பாதி என்றால் 30 முதல் 49 டன். கிரெடிட்டாக 800 முதல் 1,400 வரை. வாயுவாகப் பார்த்தால் மணிக்குப் பத்திலிருந்து பதினாறு கன மீட்டர். ஒரு மெகாவாட் மின்சார இன்ஜினுக்கு மணிக்கு 500 கன மீட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே இந்த அளவு மேட்டில் மின்சாரம் என்று யாராவது பேசினால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். இங்கே எரிப்பது மட்டும்தான் சாத்தியம். ஒரு கிரெடிட் 500 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்தாலும் ஆண்டுக்கு 4 முதல் 7 லட்சம். கிணறு, புளோயர், மீட்டர், தணிக்கைக் கட்டணம் எல்லாம் இதற்குள் அடங்காது, கையைக் கடிக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை தன் நாட்டில் நல்ல மேடு என்று பட்டியலிடுவதே, பத்து லட்சம் டன்னுக்கு மேல் குப்பை இருந்து, இன்னும் கொட்டிக்கொண்டிருக்கிற அல்லது மூடி ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகாத மேடுகளைத்தான்.

இதைப் படித்து மனம் விட வேண்டாம். சின்ன மேடுகளுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா, திருப்பத்தூர் என்று பல ஊர் மேடுகளை ஒரே கூட்டுத் திட்டமாகப் பதிவு செய்வது. ஆவணமும் தணிக்கையும் பகிர்ந்துகொள்ளப்படும். கைக்கருவி ஒன்று, அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் ஆள் ஒருவர் என்று செலவு குறையும். இன்னொரு வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

யாருடைய வாயு?

நிலம் நகராட்சியுடையதா, வருவாய்த்துறைப் புறம்போக்கா, நீர்நிலையா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கிரெடிட்டின் உரிமை யாருக்கு என்பது மன்றத் தீர்மானமாகவும், அதன்பின் ஒப்பந்தமாகவும் எழுத்தில் இருக்க வேண்டும். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளரை ஆரம்பத்திலேயே பார்த்துவிடுங்கள்.

எந்தத் திட்டத்தில் பதிவு செய்வதானாலும், கிரெடிட் வருமானத்தை நம்பித்தான் இறங்கினோம் என்பதை நிரூபிக்க வேண்டும். அதனால் இயந்திரம் வாங்க ஆர்டர் போடுவதற்கு முன்பே, கிரெடிட்டைப் பதிவு செய்து வழங்கும் பதிவகத்துக்கு அறிவிப்புக் கொடுத்து, தேதியோடு சான்று வைத்துக்கொள்ளுங்கள். 2016-ன் திடக்கழிவு விதிகள், நிலநிரப்பு வாயுவைப் பயன்படுத்த வேண்டும், முடியாவிட்டால் எரிக்க வேண்டும், அதுவும் முடியாத இடத்தில்தான் குழாய் வழியே வெளியே விடலாம் என்று சொல்லின. சட்டப்படி எப்படியும் செய்ய வேண்டியதற்கு எதற்குக் கிரெடிட் என்று தணிக்கையாளர் கேட்பார். நடைமுறையில் எத்தனை ஊர்களில் இது நடக்கிறது என்ற விவரத்தோடு பதில் தயாராக இருக்க வேண்டும். விதிகள் மாறிக்கொண்டிருக்கும், மனு எழுதுகிற அன்று நடப்பில் உள்ளதைப் பாருங்கள்.

மேட்டில் பொறுக்கிப் பிழைக்கிற குடும்பங்களிடமும் ஆடு மேய்க்கிறவர்களிடமும் உட்கார்ந்து பேசுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டம் என்று பதிவகமே கேட்கும். கேட்காவிட்டாலும் செய்ய வேண்டியது இது. குழாயைக் காக்கிற வேலையையும் அளவெடுக்கிற வேலையையும் முதலில் அவர்களுக்குக் கொடுங்கள். அந்த மேட்டின் மேடு பள்ளம் அவர்களுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

மூடியும் கிணறும்

முதலில் மேல் மூடி. 2016 விதிகள் சொன்னது 60 சென்டிமீட்டர் இறுக்கிய களிமண், அதன் மேல் நீர் வடிய 15 சென்டிமீட்டர் அடுக்கு, அதன் மேல் செடி வளர 45 சென்டிமீட்டர் மண். ஏரி தூர் வாரும் காலத்தில் வண்டல் களிமண் கிடைக்கும், முறையாக அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலூர் வெயிலில் வெறும் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பு வழியே வாயு போகும், காற்று வரும். அதனால் மேல் மண்ணைப் போட்டுப் புல்லைப் பிடிக்க வைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கிணறு தோண்ட நம் ஊரில் எல்லோருக்கும் உடனே நினைவுக்கு வருவது திருச்செங்கோட்டு ரிக் வண்டி. கூடவே கூடாது. அது காற்றை அழுத்தி அடித்துத் துளைக்கிற வண்டி. மீத்தேன் நிறைந்த மேட்டுக்குள் காற்றை ஊதினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கட்டட அஸ்திவாரத்துக்குப் பயன்படுகிற, சுழன்று மண்ணை அள்ளுகிற பைலிங் இயந்திரம்தான் வேண்டும். துளை 60 முதல் 90 சென்டிமீட்டர் அகலம். நடுவில் துளையிட்ட ஹெச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) பைப், சுற்றிலும் ஒன்றரை ஜல்லி, மேலே பென்டோனைட் களிமண் அடைப்பு. அடியைத் தொடாமல் இரண்டு மூன்று மீட்டர் முன்பே நிறுத்துங்கள். துளையுள்ள பகுதி தரையிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் கீழேயாவது ஆரம்பிக்க வேண்டும், இல்லையென்றால் மேல்காற்றைத்தான் இழுக்கும்.

இந்தக் கணக்கை இருபதடி மேட்டில் போட்டுப் பாருங்கள். துளையிட்ட பைப்புக்கு ஒரு மீட்டர் மிஞ்சினாலே அதிகம். அதனால் உயரம் குறைந்த மேடுகளில் நெட்டுக் கிணறு சரிப்படாது. படுக்கை வாட்டில் பள்ளம் தோண்டி, ஜல்லிக்கு நடுவே பைப்பைப் படுக்க வைத்து, மேலே பிளாஸ்டிக் விரிப்பும் களிமண்ணும் போட்டு மூடுவதுதான் வழி. தோண்டும்போது யாரும் பள்ளத்துக்குள் இறங்கக் கூடாது. செருப்பு விழுந்தாலும் சரி, செல்போன் விழுந்தாலும் சரி.

மேலே ஓடும் பைப்புகளுக்கு வாட்டம் மிக முக்கியம். நூறடிக்கு மூன்றடி இறக்கம் கொடுங்கள். மேடு ஆண்டுக்காண்டு அமுங்கும். அமுங்கிய இடத்தில் பைப் தொட்டில் மாதிரி தொங்கும், வாயுவில் உள்ள ஈரம் இரவில் குளிர்ந்து தண்ணீராகி அங்கே தேங்கும், வழி அடைந்துவிடும். தாழ்ந்த இடம் ஒவ்வொன்றிலும் தண்ணீர் வடியும் பொறி வையுங்கள். கறுப்புப் பைப் மே மாத வெயிலில் நீளும், மார்கழியில் சுருங்கும். கயிறு மாதிரி இறுக்கிக் கட்டாமல் கொஞ்சம் நெளிவு விட்டுப் போடுங்கள். வால்வு பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். பித்தளை என்றால் திருடு போகும்.

இழுக்கிற பக்குவம்

வேலையின் உயிர் இங்கே இருக்கிறது. புளோயர் மேட்டிலிருந்து வாயுவை உறிஞ்சும். மேடு தருகிற வேகத்துக்கு மேல் உறிஞ்சினால் மூடியின் வெடிப்புகள் வழியே வெளிக்காற்று உள்ளே வரும். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் எமன். அவை சாகும், குப்பை சூடாகும், கடைசியில் மேட்டுக்குள் தீப்பிடிக்கும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைக்கிடங்கு நாள்கணக்கில் எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வாயு பிடிக்கப் போய் அந்த நிலையை நாமே வரவழைக்கக் கூடாது.

வாரம் ஒரு முறை ஒவ்வொரு கிணற்றுக்கும் போங்கள். வால்வைத் தொடும் முன் அளவெடுங்கள். மீத்தேன் 45 முதல் 55 சதவீதத்துக்குள், ஆக்சிஜன் 2 சதவீதத்துக்குக் கீழ், வெப்பம் 55 டிகிரிக்குக் கீழ் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு அடுத்த கிணற்றுக்குப் போங்கள். மீத்தேன் 55-ஐத் தாண்டினால் மேடு இன்னும் தரத் தயார் என்று பொருள், வால்வைக் கொஞ்சம் திறக்கலாம். 45-க்குக் கீழே வந்தாலோ ஆக்சிஜன் ஏறினாலோ மூடுங்கள். ஒரு தடவைக்குக் கால் திருப்புக்கு மேல் வேண்டாம். திருப்பியபின் ஒரு நாள் விட்டுத்தான் பலன் தெரியும். புதிதாக வருகிறவர்கள் காலையில் திறந்து, மத்தியானம் பார்த்து, மறுபடி திறந்து, சாயங்காலம் பயந்து மூடுவார்கள். கிணறு ஒரு நாளும் நிலைக்கு வராது.

ஒரு கிணற்றில் வெப்பம் திடீரென ஏறி, கார்பன் மோனாக்சைடும் தெரிந்து, பக்கத்து மண்ணும் அமுங்கினால் அடியில் தீ. தோண்டிப் பார்க்கும் ஆசை வரும், தோண்டினால் காற்றுக் கிடைத்து இன்னும் பற்றும். அந்தக் கிணற்றையும் சுற்றியுள்ள கிணறுகளையும் மூடி, வெடிப்புகளை ஈரமண்ணால் அடைத்து, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. கிணற்றுக்குள் குப்பைச்சாறு ஏறி, பைப்பின் துளைகள் முழுகிவிடும். மேட்டில் வாயு நிறைய இருக்கும், வெளியே வராது. நூலில் கல்லைக் கட்டி இறக்கிச் சாற்று மட்டம் பார்த்து, தேவைப்பட்டால் பம்பு போட்டு எடுங்கள். எடுத்த சாற்றை ஏரிக்கோ பாலாற்று மணலுக்கோ விடக் கூடாது. அந்த மணலுக்கடியில் ஓடுவதுதான் நாம் குடிக்கிற தண்ணீர்.

எரிப்பதும் எழுதிவைப்பதும்

வாயுவை எரிக்கும் கருவியான ஃப்ளேர் இரண்டு வகை. திறந்த ஃப்ளேரில் தீ வெளியே தெரியும், விலை குறைவு. ஆனால் சிடிஎம் முறையில், அதில் பாதி மீத்தேன்தான் அழிகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். மூடிய ஃப்ளேரில் தீ உயரமான உருளைக்குள் எரியும். அதற்கு 90 சதவீதம் தருவார்கள். வெப்பம் 500 டிகிரிக்குக் கீழே இறங்கிய நிமிடங்களுக்குப் பூஜ்யம். மலிவு என்று திறந்த வகையை வாங்கினால் வருமானம் முதல் நாளே பாதியாகிவிடும்.

வாயு ஓட்டம், மீத்தேன் சதவீதம், வெப்பம், அழுத்தம், ஃப்ளேரின் வெப்பம். இந்த ஐந்தும் இடைவிடாமல் பதிவாக வேண்டும். கரண்ட் போனால், இவற்றைப் பதியும் கருவியான லாகருக்கு பேட்டரி வேண்டும். மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கும் கேலிபரேஷன் தேதி தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த நாட்களின் அளவைத் தணிக்கையாளர் குறைத்துப் போடுவார், சில சமயம் ஏற்கவே மாட்டார். நான் பார்த்த ஓரிடத்தில் மூன்று மாதம் ஒழுங்காக எரிந்தது, லாகரின் மெமரி கார்டு நிறைந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. எரித்த வாயுவுக்குச் சான்று இல்லாததால் அந்த மூன்று மாதமும் போயிற்று. தினமும் ஒரு பிரதி வேறு கணினிக்குப் போகட்டும். கூடவே கையால் எழுதும் நோட்டும் இருக்கட்டும்.

பதிவகம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது வேகமாக மாறுகிறது. சிடிஎம்மில் பெரிய மேடுகளுக்கு ஏசிஎம் 0001, ஆண்டுக்கு 60,000 டன் வரையிலான சின்னத் திட்டங்களுக்கு ஏஎம்எஸ் 3-ஜி என்ற வழிமுறைகள் உண்டு. தன்னார்வச் சந்தையின் பதிவகமான வெர்ராவும் சிடிஎம் வழிமுறைகளை ஏற்றுவந்திருக்கிறது. உள்நாட்டில் 2023 ஜூனில் மத்திய அரசு கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது. எரிசக்தித் திறன் செயலகமான பீஇஇ அதை நடத்துகிறது. 2025 மார்ச்சில் வெளியான முதல் வழிமுறைகளில் குப்பைமேட்டு வாயுவை எரிப்பதும் பயன்படுத்துவதும் இடம்பெற்றிருக்கின்றன. புதிதாக இறங்குகிற ஒரு நகராட்சிக்கு நான் முதலில் உள்நாட்டு வழியைத்தான் பார்க்கச் சொல்வேன். எதில் போனாலும் வரிசை ஒன்றுதான். திட்ட ஆவணம், வெளித் தணிக்கையாளரின் சரிபார்ப்பு, பதிவு, ஓராண்டு அளவீடு, மறுபடி தணிக்கை, அதன்பின் கிரெடிட். முதல் பணம் கைக்கு வர இரண்டு ஆண்டாவது ஆகும் என்று வைத்துக்கொண்டு செலவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். முன்பணம் தருகிறேன், கிரெடிட்டில் பெரும்பங்கு எனக்கு என்று வருகிறவரின் ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டாமல் தொடாதீர்கள்.

வாயு போதாத மேட்டுக்கு

இரண்டாவது வழி என்று சொன்னது இதுதான். மீத்தேனைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் மட்கிய உரத்தில் இருக்கின்றன. மேட்டின் மேல் வாயு பரவ ஒரு ஜல்லி அடுக்கு, அதன் மேல் நன்றாக மட்கிய உரம் மூன்றடி போட்டால், கசிந்து வரும் மீத்தேனை அவை காற்றின் உதவியோடு கரியமில வாயுவாக மாற்றிவிடும். புளோயர் வேண்டாம், ஃப்ளேர் வேண்டாம். சிடிஎம்மில் இதற்கும் ஏஎம்எஸ் 3-ஏஎக்ஸ் என்ற வழிமுறை இருக்கிறது. உரத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை, மட்கும் குப்பையைத் தனியே பிரித்து உரமாக்கும் நுண் உர மையங்கள் நம் நகரங்களிலேயே இருக்கின்றன. விற்காமல் தேங்கும் உரம் இங்கே பயன்படும். பாதி மட்கிய உரத்தைப் போட்டுவிடாதீர்கள், அது தன் பங்குக்கு வாயு விடும். சித்திரை வைகாசியில் உரம் காய்ந்து போனால் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும். சுத்திகரித்த கழிவுநீரை வாரம் இருமுறை தெளிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கிணறும் ஃப்ளேரும் போட்ட பெரிய மேடும் ஒருநாள் இந்த நிலைக்கு வந்து சேரும். மீத்தேன் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஃப்ளேர் நின்று நின்று எரியும். அப்போது புளோயரை நிறுத்தி உர மூடிக்கு மாறுங்கள். கிணறுகளைப் பிடுங்க வேண்டாம். மூடிய நாளிலிருந்து குறைந்தது 15 ஆண்டு கண்காணிக்க வேண்டும் என்று 2016 விதிகள் சொல்லின. மேட்டு எல்லையில் மீத்தேன், தீப்பிடிக்கும் குறைந்தபட்ச அளவில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. கணக்கில் சொன்னால் 1.25 சதவீதம். பக்கத்தில் வீடு வந்திருந்தால், மேட்டுக்கும் முதல் வீட்டுக்கும் நடுவே இரண்டு சோதனைத் துளை நிரந்தரமாக வைத்து, மாதம் ஒரு முறை அதே கம்பிக் கருவியோடு போய் அளந்து, எண்ணை அந்த வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.